ஐம்பத்தோராவது தோட்டா

உயிரின் விலை ஐம்பத்தெட்டு பிராங். வரி உட்பட.

பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருந்த சிட்டை அப்படித்தான் சொன்னது. ஐம்பது தோட்டா, ஐம்பத்தெட்டு பிராங். உயிரைக் காக்க வாங்குகிறவனுக்கும் அதே விலை, எடுக்க வாங்குகிறவனுக்கும் அதே விலை. ஆள் பார்த்து விலை சொல்லத் தெரியாத நாடு. அதனால்தான் சுவிஸில் சாமான் வாங்குவதில் ஒரு ருசியும் இல்லை என்பது ராசாவின் நெடுநாள் முறைப்பாடு.

பீலிலிருந்து பேர்ண் போகும் றெயினில், லக்சாயினி அந்தப் பெட்டியின் படத்தை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கறுப்பு வெள்ளைப் பிரதி. மணித்தியாலத்துக்கு முன்னூறு பிராங் வாங்கும் சட்டத்தரணிக்குக் கலர் மை கட்டுப்படியாகவில்லை.

லக்சாயினிக்கு நாற்பத்தொரு வயது. பன்னிரண்டு வருடம் ஒரு காப்புறுதிக் கம்பனிக்குப் பொய்க்காரர்களைப் பிடித்துக் கொடுத்தவள். இப்போது பீலில் ஒரு சலவைக் கடைக்கு மேலே சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். ராசா அவளுடைய உதவியாளர், ஐம்பத்தாறு வயது. முன்பு கடிகாரத் தொழிற்சாலையில் முள் பொருத்தியவர். அவருடைய கை நிற்காமல் வேலை செய்ததாம். ஆனால் அவர் வாயைத் திறந்தால் பக்கத்தில் இருந்த ஆறு பேருடைய கை நின்றுவிட்டதாம். கம்பனி கணக்குப் பார்த்து ஒருவரை அனுப்பிவிட்டது.

விஷயம் இதுதான். பதினொரு நாளுக்கு முன்பு, பீலில் நகைக்கடை வைத்திருக்கும் இராஜேந்திரன் கடை பூட்டும் நேரத்தில், முகமூடி போட்ட ஒருவன் நீளமான றிவோல்வரைக் காட்டி எட்டுக் குடும்பங்கள் காசு கட்டிச் செய்வித்த எட்டுத் தாலிக்கொடிகளைப் பறித்துக்கொண்டு போய்விட்டான். குரலை வைத்து ஆளை அடையாளம் சொன்னார் இராஜேந்திரன்: தன்னிடமே வேலை செய்யும் றொபின்சன். பொலிஸ் வந்து கடையின் பின்னறையில் றொபின்சனின் அலுமாரியைத் திறந்தது. இந்தத் தோட்டாப் பெட்டி இருந்தது. றிவோல்வர் இல்லை, தாலிக்கொடி இல்லை. றொபின்சன் இப்போது மறியலில், சிறைக் கம்பிக்குப் பின்னால்.

நாளைக் காலை பத்து மணிக்கு அவனுடைய மறியலை மூன்று மாதம் நீடிப்பதா என்று முடிவாகும். நீடித்தால் வேலை போகும், வேலை போனால் இங்கே வசிக்கும் பெர்மிட் போகும், பெர்மிட் போனால் மன்னாருக்கு விமானம். மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்யும் அவன் மனைவி றோஷினிக்கு இது ஏழாவது மாதம். லக்சாயினியைத் தேடி வந்தவள் அவள்தான்.

"தங்கச்சி, படத்தைப் பார்த்து என்ன கண்டனீங்கள்?" என்றார் ராசா.

"ஒரு மீன்."

விலைச் சிட்டையின் மூலையில் சின்னதாக ஒரு மீன் படம். பேர்ணின் பூம்ப்ளிஸில் தூண்டிலும் துப்பாக்கியும் ஒன்றாக விற்கும் கடை ஒன்று உண்டு. அதன் அடையாளம் அது.

"வேற?"

"பெட்டி மூலையில ஒரு கறை. பொலிஸ் அறிக்கையில எழுதியிருக்கிறாங்கள், மஞ்சள் கறையாம், நடுவில சிவப்புப் புள்ளியாம். அநேகமாக சென்ஃப் கடுகுப் பசை, கெச்சப்."

"றொபின்சன் சென்ஃப் பூசி செர்வலா சொசேஜ் தின்னுறவன்தான். நானே கண்டிருக்கிறன்."

"அதைத்தான் அவங்களும் எழுதியிருக்கிறாங்கள். சாப்பாட்டுப் பழக்கம் பொருந்துது எண்டு."

"அப்ப பீலில பாதிப் பேரை உள்ள போடலாம்," என்றார் ராசா.

*

கடைக்காரர் ஹெர் லூதிக்கு எழுபது வயது இருக்கும். மூக்குக் கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு பக்கம் தூண்டில், மறு பக்கம் துப்பாக்கி. இரண்டுக்கும் ஒரே தூசி.

ராசா முன்னால் போய்க் கைகளை மேசையில் ஊன்றினார். தன்னிடம் ஒரு சின்ன றிவோல்வர் வரப்போகிறது என்றும், தான் புதியவர் என்றும், பாதுகாப்புக்கு நல்ல தோட்டா வேண்டும் என்றும் முப்பத்தொரு வருட ஜெர்மனில் சொன்னார்.

லூதி ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். "முதலில் பாஸ்போட்."

ராசா எடுத்துக் கொடுத்தார். லூதி முன்பக்கத்தைப் பார்த்தார். பெட்டியை மரியாதையாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"மன்னிக்கவும். இலங்கைப் பாஸ்போட்டுக்குத் துப்பாக்கியும் இல்லை, தோட்டாவும் இல்லை. சில நாடுகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. உங்களுடையது அதில் இருக்கிறது."

"நான் இங்க முப்பத்தொரு வருஷம்."

"பட்டியலில் வருடம் கேட்கவில்லை."

ராசா தமிழில் திரும்பினார். "முப்பத்தொரு வருஷம் இவங்கட மணிக்கூட்டுக்கு முள்ளுப் போட்டிருக்கிறன். ஒரு தோட்டாவைத் தொட விடுறானில்லை."

"சுவிஸ் பாஸ்போட் எடுங்கோ எண்டு நானும் பத்து வருஷமாச் சொல்லுறன்."

"எடுக்கப் போனன் தானே. நேர்முகத்தில, உங்கட ஊரைப் பற்றி என்ன நினைக்கிறீங்கள் எண்டு கேட்டான். சொன்னன். அதோட முடிஞ்சுது."

லக்சாயினி தன்னுடைய சிவப்புப் பாஸ்போட்டை மேசையில் வைத்தாள். அவள் மனம் வேறு ஒன்றைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. றொபின்சனின் பாஸ்போட்டும் இலங்கைதான். அவன் இந்த மேசைக்கு முன்னால் நின்றிருந்தால் அவனுக்கும் இதேதான் நடந்திருக்கும். பெட்டியை வாங்கியது வேறு கை.

"அப்படியானால் நான்தான் புதியவள்," என்றாள் லூதியிடம். "சின்ன றிவோல்வர். ஐந்து ஓட்டை. இருக்கிறதில் பலமான தோட்டாவைத் தாருங்கள்."

லூதி கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். இந்த வாக்கியத்தை அவர் நிறையத் தரம் கேட்டிருக்கிறார் என்பது அவருடைய பெருமூச்சில் தெரிந்தது.

"புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் பலமானதுதான் கேட்கிறார்கள். சின்னத் துப்பாக்கி எடை குறைவு. எடை குறைந்தால் உதை கூட. பலமான தோட்டாவைப் போட்டுச் சுட்டால் முதல் குண்டு திருடனுக்கு, இரண்டாவது கூரைக்கு. மூன்றாவதை யாரும் சுடுவதில்லை, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். குழல் வேறு குட்டை. மருந்தில் பாதி வெளியே வந்துதான் எரியும். கண்ணில் வெளிச்சம், காதில் இரைச்சல். யாரைச் சுடுகிறோம் என்றே தெரியாது."

"அப்ப எதை வாங்குவது?"

அவர் தலை தட்டையாக இருந்த ஒரு தோட்டாவை நிமிர்த்தி வைத்தார். பார்வைக்கு அழகில்லை, வெட்டி எறிந்த பென்சில் துண்டு மாதிரி.

"இது. மெல்லிய உதை, விலை குறைவு. முதல் நாளே ஐந்தையும் அட்டையில் போடலாம். விலை குறைவென்பதால் பழகுவீர்கள். பழகிய தோட்டாதான் நல்ல தோட்டா. படங்களில் பார்க்கிறீர்களே, தலையில் குழி விழுந்தது, அது கைத்துப்பாக்கிக்கு இங்கே உங்களைப் போன்றவர்களுக்கு விற்பதில்லை. கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்."

பிறகு இன்னும் இரண்டு தோட்டாக்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரே தடிப்பு. ஒன்று மட்டும் மூன்று மில்லிமீற்றர் நீளம் கூட.

"எல்லாவற்றுக்கும் முதல் இதைப் படியுங்கள். குழலில் எழுதியிருக்கும். இது முப்பத்தெட்டு. இது முன்னூற்றைம்பத்தேழு. நீளமானதன் துப்பாக்கிக்குள் கட்டையானது போகும். கட்டையானதன் துப்பாக்கிக்குள் நீளமானது போகாது. பின்பக்கம் வெளியே நிற்கும், மூட முடியாது. ஐந்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும்."

"விளங்காதவர்களும் வருவார்களோ?" என்றாள் லக்சாயினி, மிக மெதுவாக.

லூதியின் முகத்தில் முதல் தடவையாக மகிழ்ச்சி தெரிந்தது. முப்பது வருடம் கடை வைத்திருப்பவனுக்கு முட்டாள் வாடிக்கையாளர்தான் ஓய்வூதியம்.

"இரண்டு மாதத்துக்கு முன்பு ஒருவர் வந்தார். உங்கள் ஆட்கள்தான், சுவிஸ் பாஸ்போட். அனுமதி எல்லாம் சரி. சின்ன முப்பத்தெட்டு றிவோல்வர் வாங்கினார். நான் இந்தத் தட்டைத் தலையைக் காட்டினேன். அவர் விலையைக் கேட்டார், சந்தேகமாக என்னைப் பார்த்தார். குறைந்த விலைச் சரக்கை ஏன் இவ்வளவு புகழ்கிறாய், தேங்கிப் போய்விட்டதோ என்றார்."

ராசா சிரிப்பை மறைக்கத் தூண்டில்களைப் பார்த்தார்.

"பிறகு முன்னூற்றைம்பத்தேழைக் காட்டி, அதைத் தா என்றார். பொருந்தாது என்றேன். முன்னூற்றைம்பத்தேழு முப்பத்தெட்டை விடப் பெரிதா இல்லையா என்று கேட்டார். இலக்கம் பெரிதுதான் என்றேன். விலையும் பெரிதுதானே என்றார். ஆம் என்றேன். அப்போ அதைத் தா என்றார். மூன்று தரம் சொன்னேன். தன் தொழிலிலும் இப்படித்தானாம், கடைக்காரன் எதை வேண்டாம் என்கிறானோ அதைத்தான் வாங்க வேண்டுமாம்."

"விலை குறைக்கச் சொல்லிக் கேட்டவரோ?"

"கேட்டார். குறைக்க மாட்டேன் என்றேன். அப்போ ஒன்று கூடத் தா என்றார். ஐம்பதோடு நிறுத்தக்கூடாதாம், ஐம்பத்தொன்றாக வேண்டுமாம். முக்கால் மணித்தியாலம் நின்றார். கடைசியில் இன்னொரு பெட்டியை உடைத்து ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தேன். இதோ, அந்தப் பெட்டி இன்னும் நாற்பத்தொன்பதோடு கிடக்கிறது. யாருக்கு விற்பேன்?"

அவர் அலுமாரியிலிருந்து எடுத்துக் காட்டினார். கடைசி வரிசையில் ஒரு பல் விழுந்த மாதிரி ஓர் ஓட்டை.

"இரண்டு நாளில் திரும்பி வந்தார், மாற்றித் தா என்று. பெட்டி திறந்திருந்தது. மூலையில் ஏதோ மஞ்சளாகப் பசை, நடுவில் சிவப்பு. மத்தியானச் சாப்பாடு என்று நினைக்கிறேன். எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்."

லக்சாயினியும் ராசாவும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ராசா சிரித்திருப்பார்.

"அவருடைய பெயர்?"

"அதைச் சொல்ல முடியாது. தகவல் பாதுகாப்பு."

"பொலிஸ் கேட்கவில்லையா?"

"தொலைபேசியில் ஒருவர் கேட்டார். றொபின்சன் என்ற பெயருக்கு ஏதாவது விற்றீர்களா என்று. இல்லை என்றேன். நன்றி சொல்லி வைத்துவிட்டார்." லூதி தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் திரும்ப வைத்தார். "கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொன்னேன். வேறு கேள்வி கேட்டிருந்தால் வேறு பதில்."

வெளியே வந்து ட்ராமுக்கு நிற்கும்போது ராசா வாயைத் திறந்தார்.

"சென்ஃபும் கெச்சப்பும்."

"சந்தனமும் குங்குமமும்," என்றாள் லக்சாயினி. "புதுச் சாமானுக்குப் பொட்டு வைச்சிருக்கிறார். காருக்கு வைப்பம், ஃப்ரிஜ்ஜுக்கு வைப்பம். தோட்டாவுக்கு வைச்ச ஆளை இண்டைக்குத்தான் கேள்விப்படுறன்."

"றொபின்சன் மன்னார் கத்தோலிக்கன். அவன் வைச்சா சிலுவைதான் வைப்பான்."

"அது காணாது அண்ணை. பொட்டு வைக்கிற ஆக்கள் ஆயிரம் பேர் இருக்கினம்; அந்த அலுமாரி இருக்கிற கடையின்ர முதலாளிதான் எண்டு எப்படிக் காட்டுறது? லூதி நாளைக்குப் பத்து மணிக்குள்ள வாய் திறக்க மாட்டார். எனக்கு அந்த ஒண்டு வேணும்."

"எந்த ஒண்டு?"

"ஐம்பத்தோராவது. அறிக்கையில பெட்டிக்குள்ள ஐம்பது எண்டுதான் எழுதியிருக்கு."

*

இராஜேந்திரனின் கடையில் எல்லாம் மின்னியது, நேர்மையைத் தவிர. கண்ணாடிப் பெட்டிகளுக்கு மேலே லட்சுமி படம். அதைச் சுற்றிச் சிவப்பும் பச்சையுமாக விட்டுவிட்டு எரியும் குட்டி பல்புகள். கீழே தட்டில் சந்தனம், குங்குமக் கிண்ணம், பிளாஸ்டிக் தாமரை. எழுதி ஒட்டிய ஒரு அட்டை: கடன் கேட்டு நட்பை முறிக்க வேண்டாம். நட்பு எவ்வளவு பெறும் என்று அட்டையில் இல்லை.

"வாங்கோ பிள்ளை. றோஷினிக்காக ஓடித் திரியிறீங்கள் எண்டு கேள்விப்பட்டன். பாவம் அந்தப் பிள்ளை. ஆனா நான் என்ன செய்ய? குரல் அவன்ர குரல்தான்."

"அண்ணை, உங்களிட்டயும் ஒரு றிவோல்வர் இருக்காம்."

அவர் தயங்குவார் என்று ராசா எதிர்பார்த்தார். அவரோ புன்னகைத்தார். மேசை லாச்சியைத் திறந்து, மஞ்சள் துணியில் சுற்றிய சின்ன றிவோல்வரையும் அதன் பத்திரத்தையும் எடுத்து, தாலிக்கொடி காட்டுவதுபோலக் கண்ணாடி மேல் வைத்தார். உள்ளே தோட்டா இல்லை.

"பாருங்கோ. முறையா வாங்கினது. முப்பத்தெட்டு. றொபின்சன்ர பெட்டியில இருந்தது முன்னூற்றைம்பத்தேழு. என்ர துவக்குக்கும் அந்தப் பெட்டிக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அது இதுக்குள்ள இறங்கவே இறங்காது."

ராசாவின் முகம் தொங்கியது. மனிதர் இதை முன்பே யோசித்து வைத்திருக்கிறார். பொருந்தாத தோட்டாவை வாங்கியதுதான் அவருடைய முட்டாள்தனம். அதே பொருந்தாத தோட்டாதான் இப்போது அவருக்கு அரண்.

"இறங்காட்டி எவ்வளவு வெளியில நிக்கும் அண்ணை?" என்றாள் லக்சாயினி.

"ஒரு பயறளவு நிக்கும்."

"போட்டுப் பாத்தனீங்களோ?"

ஒரு கணம் பல்புகள் மட்டும் எரிந்து அணைந்தன.

"துவக்கு வித்தவன் சொன்னவன்," என்றார் இராஜேந்திரன்.

நல்ல பதில். பொய்க்கு உடனே விலை போடத் தெரிந்த வாய். லக்சாயினி தலையாட்டினாள், பையைத் திறந்தாள்.

"சரி அண்ணை. வந்தனாங்கள் வெறுங்கையோட போகேலாது. றோஷினியின்ர பிள்ளைக்கு ஒரு சின்னக் காப்பு எடுப்பம். வெள்ளி காணும்."

அவர் எடுத்துக் காட்டினார். ராசா நாற்பது பிராங்கில் பேச்சைத் தொடங்கினார், அவர் எண்பதில் நின்றார். இரண்டு பேரும் பத்து நிமிடம் ஒருவருடைய குடும்பத்தை மற்றவர் பட்டினி போட்டார்கள். அறுபதில் முடிந்தது. ராசா மூன்று இருபது பிராங் தாள்களை வைத்தார்.

"ஒரு பிராங் கூட வையுங்கோ," என்றார் இராஜேந்திரன், பழக்கத்தில். "சைபரில முடிக்கக்கூடாது. குழந்தைக்கு வாங்கிறீங்கள்."

"அந்தக் கூட வாற ஒண்டை என்ன செய்வீங்கள்?"

"அது கல்லாவுக்கு இல்லை பிள்ளை. அது லட்சுமிக்கு."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு விளங்கியது. ராசா அதற்குள் ஒற்றைப் பிராங் நாணயக் குற்றியோடு சாமித்தட்டுக்கு முன்னால் கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

"ராசா, நீர் வையாதையும். நான் வைக்கிறன்."

"உங்களுக்கு ஏன் சிரமம் முதலாளி." ராசா குங்குமம் எடுக்க விரலை விட்டார். குங்குமத்துக்குள் விரல் ஏதோ ஒன்றில் தட்டியது. ஊதினார். சிவப்புத் தூள் விலக, பித்தளை நிறத்தில் ஒரு வட்டம் தெரிந்தது. தலைகீழாகப் புதைந்த தோட்டாவின் அடிப்பகுதி, அதில் மூன்று இலக்கம். ராசா கண்ணாடி போட்டு வாசித்தார். "மூண்டு, அஞ்சு, ஏழு. தங்கச்சி, லட்சுமி துவக்கு வைச்சிருக்கிறாவோ?"

"எடுக்காதேங்கோ அண்ணை. அவற்ற கைரேகை அதில இருக்கும்." லக்சாயினி போனை எடுத்துப் படம் பிடித்தாள். "வேற ஆளாயிருந்தா பொருந்தாத பெட்டியை அண்டைக்கே எறிஞ்சிருப்பான். உங்களுக்கு ஐம்பத்தெட்டுப் பிராங்கை எறிய மனம் வரேல்லை. எப்படியாவது ஒரு பிரயோசனம் எடுக்க வேணும். றொபின்சன்ர அலுமாரிக்குள்ள வைச்சியள். ஆனா லட்சுமிக்குக் குடுத்ததைத் திருப்பி எடுக்கவும் பயம்."

இராஜேந்திரன் கதவைப் பார்த்தார். ராசா கதவருகே போய் நின்று, அங்கே தொங்கிய கலண்டரை வாசிக்கத் தொடங்கினார்.

பயந்தவன் அழுவான், கோபப்படுவான். வியாபாரி விலை பேசுவான்.

"குரலை மாறி விளங்கிட்டன் எண்டு நாளைக்குச் சொல்லுறன்," என்றார். "அவன் வெளியில வருவான். நீங்கள் உந்தப் படத்தை அழியுங்கோ."

"இல்லை அண்ணை."

"அவனுக்கு வேலையும் திருப்பித் தாறன்."

"இல்லை."

"மூண்டு மாதச் சம்பளம் கூட."

"மூண்டு வேண்டாம், நாலு கேளுங்கோ தங்கச்சி," என்றார் ராசா, கலண்டரிலிருந்து கண்ணை எடுக்காமல். "மனிசன் இன்னும் இறங்குவார்."

"எட்டுக் கொடியும் எங்க?" என்றாள் லக்சாயினி.

அவர் றிவோல்வரை மஞ்சள் துணியில் திரும்பச் சுற்றத் தொடங்கினார். அவள் சொன்னாள்: "பவுண் விலை ஏற முதல் எட்டுக் குடும்பத்திட்ட முழுக்காசும் வாங்கிட்டீங்கள். கொடி செஞ்சும் முடிச்சிட்டீங்கள். அதுக்குள்ள விலை ஏறிட்டுது, குடுக்க வயிறு எரிஞ்சுது. களவு போனா இன்சூரன்ஸ் இண்டைய விலைக்குத் தரும். கொடியும் உங்களிட்டயே இருக்கும். அதுக்கு ஒருத்தன் மறியலுக்குப் போனாலும் பரவாயில்லை. நான் பன்னிரண்டு வருஷம் உங்களைப் போல ஆக்களைப் பிடிச்சுத்தான் சம்பளம் வாங்கினனான் அண்ணை. எங்க?"

"வீட்டில. ஃப்ரீசருக்குள்ள."

"ஃப்ரீசருக்குள்ள எங்க?"

"மீனுக்குக் கீழ."

ராசா திரும்பினார். "வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கிற மனிசன். எட்டுப் பிள்ளையளின்ர தாலியை விளைமீனுக்குக் கீழ படுக்க வைச்சிருக்கிறீங்கள். முதலாளி, பொலிசுக்கு இதை நான் ஜெர்மனில சொல்ல மாட்டன். எனக்கு வெக்கம்."

லக்சாயினி பொலிசுக்குச் சொல்லிவிட்டு, றொபின்சனின் சட்டத்தரணியை அழைத்தாள். படத்தை அனுப்பினாள். இந்த முறை கலரில் அச்சடிக்கச் சொன்னாள். லூதியிடம் கேட்க வேண்டிய கேள்வியையும் சொல்லுக்குச் சொல் எழுதவைத்தாள்: முப்பத்தெட்டு றிவோல்வர் வாங்கிய இராஜேந்திரன் என்பவருக்கு, முன்னூற்றைம்பத்தேழு தோட்டா எத்தனை கொடுத்தீர்கள்?

பிறகு றோஷினிக்கு எடுத்தாள். மறுமுனையில் சமையலறைத் தட்டுகளின் சத்தம்.

"அக்கா, நாளைக்கு என்ன?"

"நாளைக்கு அவருக்கு மாத்திப் போட ஒரு சேட்டுக் கொண்டுபோம். பதினொரு நாள் ஒரே சேட்டோட இருந்திருப்பார்."

தட்டுகளின் சத்தம் நின்றது. லக்சாயினி போனை வைக்கவில்லை.

பொலிஸ் வண்டி வரும்வரை ராசா சும்மா இருக்கவில்லை. காப்பு வாங்கிய பில்லைத் திருப்பி, கண்ணாடி மேல் வைத்து எழுதினார். இராஜேந்திரன் தலைகீழாக அதை வாசித்துக்கொண்டிருந்தார். கணக்கைக் கண்டால் கண்ணை எடுக்க முடியாத மனிதர்.

தோட்டா, வாங்கியது 51.
அலுமாரியில் 50, குங்குமத்துக்குள் 1.
சுட்டது 0. சரி.
தாலிக்கொடி, போனது 8.
மீனுக்குக் கீழ் 8. சரி.
றொபின்சன் மறியலில் இருந்த நாள் 11.

அந்த வரியில் ராசாவின் பேனா நின்றது. இராஜேந்திரனைப் பார்த்தார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

லக்சாயினி பேனாவை வாங்கி, பதினொன்றுக்கு நேரே எழுதினாள்.

பாக்கி.